ஐந்தாம் திருத்தமும் என் நான்கு பக்க வாக்குமூலமும்

1

சென்ற வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணியிருக்கும். ஒக்லாந்து ஹென்டர்சனில் எங்கள் வீட்டுப் பின்வளவில் புல் வெட்டிக்கொண்டு நின்றேன். மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்திருந்தது; அதை விட்டால் அடுத்த கிழமையும் வெட்ட முடியாது. மெசினின் இரைச்சலில் தொலைபேசி அடித்தது கேட்கவில்லை. மனைவி வசந்தி கதவடியில் நின்று கையைக் காட்டினாள். அவள் கையில் என் தொலைபேசி.

தெரியாத, நீண்ட எண். ஒரு பெண்பிள்ளையின் அமெரிக்கக் குரல். தான் ஆரணியோடு ஒரே வீட்டில் இருப்பவள் என்று சொன்னாள். ஆரணியைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது, இன்னும் பத்துப் பேரையும். அடி காயம் ஒன்றும் இல்லை. சட்டத்தரணி ஒருவர் எங்களுக்கு அழைப்பார். அதுவரை பேஸ்புக்கிலோ வேறெங்குமோ ஒன்றும் எழுத வேண்டாம். இதையெல்லாம் மிகத் தெளிவாக, மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னாள். நான் மூன்று தரம் தேங்க்யூ சொன்னேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

ஆரணி எங்கள் ஒரே மகள். வயது இருபத்துநான்கு. ஒக்லாந்தில் பிறந்தவள், நியூசிலாந்துக் கடவுச்சீட்டுக்காரி. பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்க அமெரிக்காவுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு தவணைதான் மிச்சம். அங்கே அவளோடு படித்த வெளிநாட்டு மாணவன் ஒருவனை, அவன் எழுதிய ஏதோ ஒரு கட்டுரைக்காக என்று சொல்கிறார்கள், விசாவில் பிழை என்று வீட்டில் வைத்தே கொண்டுபோய்விட்டார்களாம். அதைக் கேட்க மாணவர்கள் நூலகத்தின் முன்னால் கூடியிருக்கிறார்கள். கலையச் சொன்னபோது சிலர் கலையவில்லை. எங்கள் பிள்ளை கலையாத ஆட்களில் ஒருத்தி.

வசந்தி படியில் இருந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவள்; மரணங்களைப் பார்த்தும் கலங்காதவள். என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, உங்களுக்குச் செய்தமாதிரி அவளுக்கும் செய்வாங்களோ?”

2

சட்டத்தரணி ஒரு மணித்தியாலத்துக்குள் அழைப்பு எடுத்தார். வயதான அமெரிக்கப் பெண். என்னை மிஸ்டர் நேசன் என்று கூப்பிட்டார். சிவநேசன் அவருக்கு நீளமாக இருந்திருக்க வேண்டும்.

இருபத்தேழு வருடமாக இந்த நாட்டில் ஆங்கிலத்தோடுதான் சீவிக்கிறேன். அலுமினிய யன்னல் செய்யும் தொழிற்சாலையில் அளவெடுப்பதற்கும், மோர்ட்கேஜ் பற்றி வங்கியில் பேசுவதற்கும் என் ஆங்கிலம் போதும். பதற்றம் வந்தால் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கும் அதுதான் நடந்தது. என் மகள் ஒன்றையும் மறைக்க மாட்டாள், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, “ஷீ வில் கன்ஃபெஸ் எவ்ரிதிங்.”

பிறகு அவர் மிக நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவள் ஒன்றையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அது அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். சட்டத்தரணி இல்லாமல் பேச மாட்டேன் என்று அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள், மிகச் சரியாகச் செய்திருக்கிறாள். அவள் உங்களுக்கு அழைக்கலாம். அந்த அழைப்பு ஒலிப்பதிவாகும். தயவுசெய்து என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் ஓம் என்றேன். பிறகு, “யெஸ், யெஸ்.”

3

ஆரணி மத்தியானத்துக்குப் பிறகு எடுத்தாள். அவள் எங்களோடு தமிழில் முழு வசனம் பேசி எத்தனையோ வருடம். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்கு அவள் தமிழில் கதைத்தாள். சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த, அதற்குப் பிறகு வளராமல் அங்கேயே நின்றுவிட்ட தமிழ்.

“அப்பா, நான் ஓகே. அடிக்கேல்ல. சாப்பாடு தந்தவை.”

சட்டத்தரணி சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. இருந்தும் என் வாய் தன்பாட்டில் சொன்னது:

“பிள்ளை, அவை கேக்கிறதுக்குப் பதில் சொல்லிப்போட்டு வெளியில வா. சைன் பண்ணச் சொன்னா பண்ணு. பிறகு பாப்பம்.”

“இல்லை அப்பா. நான் ஒண்டும் சொல்ல மாட்டன். அது என்ர ரைட்.” அதற்குத் தமிழ்ச் சொல்லைத் தேடினாள் போலும். “கோயில்ல அம்மா இருப்பாவே, மௌனவிரதம். அப்பிடி நினையுங்கோ.”

“ரைட் எண்டு சொன்ன ஆக்களை எனக்குத் தெரியும். அவையில கனபேர் திரும்பி வரேல்ல.”

அவளுக்குப் பின்னால் இரும்புக் கதவோ என்னவோ அடிபட்டது.

“அப்பா, ஏன் நீங்கள் அவையின்ர பக்கம் நிண்டு கதைக்கிறீங்கள்?”

நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது. அவளாக வைத்தாளா என்பதும் எனக்குத் தெரியாது. பாதி வெட்டிய புல்லில் மெசினை அப்படியே விட்டுவிட்டு, இருட்டும்வரை குசினிச் சாப்பாட்டு மேசையில் இருந்தேன்.

4

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குப் பின்வருவதில் புதினம் எதுவும் இருக்காது. வீட்டுக்கு ஒருவராவது இப்படி இருந்தார்கள். நான் எழுதுவது, இதை என் மகளுக்கு ஒருநாளும் சொல்லியிருக்கவில்லை என்பதற்காக.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். அறையில் கூட இருந்தவன் ரவீந்திரன், கணக்கியல் சோதனை எழுத வந்தவன். ஏழு மாதம் ஒரே அறை. ஒரு சுற்றிவளைப்பில் இருவரையும் பிடித்தார்கள். பொலிஸ் நிலையத்தில் வேறு வேறு அறைகளில் போட்டார்கள். முதல் ஒன்பது நாட்களைப் பற்றி எழுதப்போவதில்லை. வசந்திக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

பத்தாம் நாள் ஒரு புதிய இன்ஸ்பெக்டர் வந்தார். நன்றாகத் தமிழ் பேசுவார். கதிரை போட்டு இருக்க வைத்தார். பிளேன்ரீ வாங்கித் தந்தார். சீனி போதுமா என்றுகூடக் கேட்டார். பிறகு நான்கு பக்கக் கடதாசியை மேசையில் வைத்தார். எல்லாம் சிங்களம். எனக்கு என் பெயரைத் தவிர வேறு எழுத்து விளங்கவில்லை.

“தம்பி, வெளிநாடு போகத்தானே வந்தது? இதுல சைன் பண்ணு. போகலாம்.”

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நீ சொன்னதுதான் என்றார். நான் எதுவும் சொல்லவில்லையே என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது நாளுக்குப் பிறகு, கதிரையில் இருந்து தேநீர் குடித்த மனிதனுக்கு அந்த வசனம் வரவில்லை. நான்கு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு விளங்காதது.

எங்களைப் பிடித்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பொலிசில் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும். அதில் என்ன இருந்தது என்பதை ஐந்து மாதம் கழித்து, மறியலில் என்னைப் பார்க்க வந்த சட்டத்தரணி தமிழில் வாசித்துக் காட்டினார். ரவீந்திரன் தன் கட்டிலுக்குக் கீழே ஒரு பொதி வைத்திருந்ததாகவும், அதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும் என்றும் நான் சொல்லியிருந்தேன். அவனது கட்டிலுக்குக் கீழே கணக்கியல் புத்தகங்கள் இருந்தன. ஒரு வாளியும் இருந்தது.

பதினான்கு மாதத்தில் என்னை வழக்கில்லாமல் விட்டார்கள். அவனுக்கு வழக்கு வைத்தார்கள். அவன் வெளியே வர ஆறு வருடம் ஆனது. அதற்குள் நான் கடல் கடந்திருந்தேன்.

5

ஆரணியை மறுநாள் விட்டார்கள். நீதிமன்றத் திகதி கொடுத்திருந்தார்கள். அவளோடு கதைக்க முயன்றேன். அம்மாவோடு மட்டும் கதைத்தாள்.

அந்தக் கிழமை வேலை முடிந்து ஹென்டர்சன் நூலகத்துக்குப் போய் அமெரிக்க அரசியலமைப்பின் திருத்தங்களை அச்செடுத்து வாசித்தேன். பெரிய புத்தகம் என்று நினைத்திருந்தேன். முதல் பத்தும் ஒன்றிரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. பேச்சு, எழுத்து, வழிபாடு, கூடி நின்று முறையிடுவது எல்லாம் முதலாவதில். காரணமில்லாமல் வீட்டையும் உடைமையையும் சோதிக்கக் கூடாது என்பது நான்காவது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி ஒருவரையும் வற்புறுத்தக் கூடாது என்பது ஐந்தாவது. வழக்கில் சட்டத்தரணியின் உதவி என்பது ஆறாவது. ஐந்தாவதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு மனிதனை அவனுக்கே எதிராகத் திருப்ப முடியும் என்பதை, அறைக்குள் என்ன நடக்கும் என்பதை, இதை எழுதியவர்கள் எப்படியோ அறிந்திருக்கிறார்கள். அதே ஆட்கள் அடிமைகளையும் வைத்திருந்தார்கள் என்பதும், அந்த மனிதர்களுக்கும் சட்டத்தின் சமமான காவல் உண்டு என்று எழுத ஒரு பெரிய யுத்தமும் பதினான்காம் திருத்தமும் தேவைப்பட்டன என்பதும் அதற்குப் பின்னாலேயே இருந்தது.

ஐந்தாவதில் ‘ஒருவரையும்’ என்றுதான் இருக்கிறது. குடிமகன் என்று இல்லை. அதை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், ஆருக்குக் காட்டப்போகிறேன் என்று தெரியாமலே.

செந்தில் வந்தபோது காட்டினேன். செந்தில் மதுரைக்காரர், வெஸ்ட்கேட்டில் வீடு, கணினி வேலை. பத்து வருடமாக எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. ஆரணிக்கு மேற்படிப்பு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே அவர்தான். துண்டை வாசித்துவிட்டு மடித்து என் கையிலேயே தந்தார்.

“அண்ணே, இதெல்லாம் அந்த ஊர்க்காரங்களுக்கு. விசாவுல இருக்கற பொண்ணு வாயத் தொறக்காம படிச்சுட்டு வந்திருக்கணும். நாம எதுக்கு வெளிநாடு வந்தோம்? இந்த வம்பெல்லாம் வேணாம்னுதானே.”

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதை நான் அதற்கு முன்பே, பதிவாகும் தொலைபேசியில், சொந்த மகளுக்குச் சொல்லியிருந்தேன். போகும்போது, கோயில் வாட்சப் குழுவில் இதைப் போட வேண்டாம், தன் தம்பி அமெரிக்காவில் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறான் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். போட மாட்டேன் என்றேன்.

நியூசிலாந்தில் இப்படி அரசியலமைப்பு என்று ஒரு தனிப் புத்தகம் இல்லை. உரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதிலும் வாய்மூடி இருக்கும் உரிமை உண்டு. ஆனால் அது மற்றச் சட்டங்களைப்போல ஒன்று, பாராளுமன்றம் நினைத்தால் மாற்றலாம். இருபத்தேழு வருடத்தில் அதை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. குடியுரிமைச் சத்தியம் எடுத்த அன்றுகூடப் பார்க்கவில்லை. பொலிஸ்காரர் பள்ளிக்கு நாயோடு வந்து பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டும் நாட்டில் ஆரணி வளர்ந்தாள். அவளுக்குப் பயத்தைக் கொடுக்காமல் வளர்த்தோம் என்று பெருமையாகச் சொல்லித்திரிந்தவன் நான்.

6

ஐந்து கிழமை கழித்துக் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். பதினொரு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். நூலகத்தின் முன்னால் நின்றார்கள் என்பதற்கு மேல் பொலிசிடம் ஒன்றும் இல்லை. சட்டத்தரணி தானாகவே அழைத்துச் சொன்னார். குரலில் சந்தோசம் தெரிந்தது. வசந்தி அன்றைக்கு வைரவருக்கு வடைமாலை நேர்ந்தாள்.

வடைமாலை சாத்துவதற்கு முன் மின்னஞ்சல் வந்துவிட்டது. ஆரணியின் மாணவ விசாப் பதிவு ரத்துச் செய்யப்பட்டிருக்கிறது, இனி அந்த நாட்டில் இருக்க அனுமதி இல்லை என்று இரண்டு வரி. காரணம் ஒரு வரிக்கும் குறைவு.

நான் சட்டத்தரணியிடம் கேட்டேன். பேச மாட்டேன் என்றது உரிமைதானே? கூடி நின்றதும் உரிமைதானே? அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. குற்ற வழக்கு வேறு, விசா வேறு என்றார். விசாவை எடுப்பதை அவர்கள் தண்டனை என்று கணக்கெடுப்பதில்லை, நிர்வாக முடிவு என்கிறார்கள். முதலாம் திருத்தத்தைக் காட்டி நீதிமன்றம் போகலாம், வெல்லவும் கூடும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதற்கிடையில் அவளையும் தடுப்புமுகாமில் போட மாட்டார்கள் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது.

ஆரணி மூன்று நாள் யோசித்தாள். என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. பிறகு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

விமானநிலையத்தில் அவளைக் கண்டபோது ஒரு பெட்டியோடு வந்தாள். இரண்டு பெட்டியோடு போனவள். மற்றது எங்கே என்று வசந்தி கேட்டாள். புத்தகங்களைக் கூட இருந்த பிள்ளையிடம் விட்டுவிட்டு வந்தாளாம், திரும்பிப் போகும்போது எடுக்கலாம் என்று. வீடு வரும்வரை மோட்டர்வேயையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

7

ஒரு கிழமை அவள் நித்திரை கொண்டாள், குளித்தாள், பட்டப்படிப்பை இணையவழியில் முடிக்க விடுவார்களா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். என்னோடு ‘ஹாய் அப்பா’வும் ‘குட்நைட்’டும் மட்டும். ஒரு சனிக்கிழமை வசந்தி வேலைக்குப் போனபின், தோசை ஊற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

அவளிடம் பொலிஸ்காரர்கள் அவளைப்பற்றி அதிகம் கேட்கவேயில்லையாம். ஒரு படத்தைக் காட்டி, இது யார், இது யார் என்றுதான் கேட்டார்களாம். ஆட்களை ஒழுங்குசெய்தது யார், உனக்கு மெசேஜ் போட்டது யார். பெயரைச் சொன்னால் உடனே போகலாம் என்று ஒருவர் மிகவும் அன்பாகச் சொன்னாராம். படத்தில் இருந்தவர்களில் நான்கு பேர் அவளைப்போல விசாவில் வந்தவர்கள்.

“அதாலதான் அப்பா நான் அவையோட கதைக்கேல்ல. உங்கட சொல்லை மீற எண்டு இல்லை.” இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

தோசை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். லொட்ஜ், இன்ஸ்பெக்டர், நான்கு பக்கம், கட்டிலுக்குக் கீழே இல்லாத பொதி. அவளுக்கு விளங்காத சொற்களை ஆங்கிலத்தில் சொன்னேன். ‘மறியல்’ என்றால் அவளுக்குப் போராட்டம் என்றுதான் தெரியும்; ஊரில் சிறையையும் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்க வேண்டியிருந்தது. இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்தபின் கேட்டாள்.

“அவர் எங்க இப்ப?”

“வவுனியாவில. வாகன ரயர்க் கடை வைச்சிருக்கிறான்.”

“நீங்கள் சொன்னனீங்களா? சொரி எண்டு?”

இல்லை என்றேன். ஊர் நண்பன் ஒருவன் தந்த ரவீந்திரனின் எண் ஏழு வருடமாக என் தொலைபேசியில் கிடந்தது. அவர்கள் உங்களைக் கட்டாயப்படுத்தினார்கள், அது உங்கள் பிழை இல்லை என்று அவள் சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. என் கையைப் பிடித்தாள், பிறகு எழுந்து போய்ச் சட்டியைக் கழுவத் தொடங்கினாள்.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு, வவுனியாவில் கடை திறந்திருக்கும் நேரம் என்று கணக்குப் பார்த்து, எடுத்தேன். காற்றடிக்கும் மெசினின் சத்தத்துக்கு நடுவில் ஒரு கரகரத்த குரல் யார் என்று கேட்டது.

“நேசன். கொட்டாஞ்சேனை நேசன்.”

மெசினை யாரையோ நிறுத்தச் சொன்னான். நான் முன்பே எழுதிவைத்திருந்ததை வாசிக்காமல் சொன்னேன்.

“ரவி, அந்தக் கடதாசியில உன்ர பேர் இருந்தது. நான் சைன் வைச்சுக் குடுத்தனான். இதைச் சொல்லத்தான் எடுத்தனான்.”

“தெரியும். கோர்ட்டில வாசிச்சவங்கள்.” பிறகு அவனே கேட்டான். “அப்ப உனக்கு மற்றது தெரியாதே?”

“எது?”

“நானும் சைன் வைச்சனான் நேசன். அதில உன்ர பேர் இருந்தது. அதாலதான் நீ இவ்வளவு காலமும் எடுக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

நான் கதிரையைத் தேடி இருந்தேன். அடுத்தடுத்த அறைகளில் இருவர். இருவருக்கும் சிங்களத்தில் நான்கு பக்கம். அவனுக்கும் தேநீர் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றான். தன்னை விட்டால் போதும் என்றுதான் வைத்ததாகவும், என்னை முதலில் விட்டது தனக்கு அப்போது கோபமாக இருந்தது, பிறகு இல்லை என்றும் சொன்னான். மனிசி பிள்ளைகளை விசாரித்தான். ஆரணியின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

“ஒருத்தரின்ர பேரும் சொல்லேல்லையே?”

“சொல்லேல்ல.”

“படிப்புப் போயிட்டுதே?”

“போயிட்டுது போலதான் கிடக்கு.”

லொறிக்காரன் ஒருவன் வந்து நிற்கிறான், பிறகு எடுக்கிறேன் என்றான். இரண்டு மாதம் ஆகிறது. அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த இரண்டு கடதாசிகளில் எது முந்தியது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.